தாய்வீடு திரும்பிய பந்து வீச்சாளர்

நம் வட்டாரத்தில் விளையாட்டு என்றாலே காற்பந்துதான். தோட்டப்புறத் திடல்களில் வளர்ந்தவர்களுக்கும், இன்று செங்கிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் குடியிருப்பவர்களுக்கும் அதுவே முதல் விருப்பம். நம் தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளில் கிரிக்கெட்டுக்கு இடம் மிகக் குறைவு. ஆயினும் ஏப்ரல், மே மாதங்கள் வந்தால் மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளைகளை நம்மிடையே காணலாம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை 'நம்ம அணி' என்றே அவர்கள் சொல்வார்கள். கடல் கடந்த ஒரு நகரத்தின் அணியைப் பிள்ளைகள் இவ்வளவு உரிமையோடு கொண்டாடுவதற்கு, அந்நகரம் தமிழ் பேசும் நகரம் என்பதே காரணம்.

அந்த உரிமை உணர்விலிருந்து எழுந்த ஒரு கேள்வியின் வரலாற்றை இங்கு எழுதுகிறேன். சொந்த மண்ணில் வளர்ந்து, வெளியூர் அணிகளில் பல ஆண்டுகள் ஆடி, வயது முதிர்ந்த நிலையில் நிற்கும் ஒரு பந்து வீச்சாளரை, மக்கள் விரும்புகிறார்கள் என்பதற்காகத் தாய் அணி மீண்டும் விலை கொடுத்து வாங்கலாமா? இரவிச்சந்திரன் அஸ்வினை முன்வைத்துச் சென்னை அணி 2024ஆம் ஆண்டு நவம்பரில் இக்கேள்விக்கு விடை சொல்லியது. அந்த விடை சரியா, தவறா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சேப்பாக்கத்தின் பிள்ளை

அஸ்வின் 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். தகவல் தொழில்நுட்பத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். தொடக்கத்தில் மட்டையாளராகவே ஆடி, பதின்ம வயதில் சுழற்பந்து வீச்சுக்கு மாறியவர். 2006ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அணிக்காக ஆடினார். 2008இல் இந்தியன் பிரிமியர் லீக் தொடங்கியபோது சென்னை அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததே தவிர, ஆட்டம் கிடைக்கவில்லை. அந்த முதல் பருவம் முழுவதும் அவர் வெளியே அமர்ந்திருந்தார். 2009இல் இரண்டே ஆட்டங்கள். 2010இல்தான் அவர் அணியின் நிலையான பந்து வீச்சாளர் ஆனார். அவ்வாண்டு சென்னை அணி கோப்பையை வென்றது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற சாம்பியன்ஸ் லீக் போட்டியிலும் சென்னை வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அஸ்வினுக்குக் கிடைத்தது.

2011ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் சேப்பாக்கம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தைக் கிரிக்கெட் பார்ப்பவர்கள் மறக்க மாட்டார்கள். எதிரணியான பெங்களூருவின் கிரிஸ் கேல் அப்பருவத்தில் எல்லாரையும்விட அதிக ஓட்டங்கள் குவித்திருந்தார். அவருக்கு எதிராக முதல் ஓவரையே ஒரு சுழற்பந்து வீச்சாளரிடம் கொடுத்தார் தோனி. நான்காவது பந்தில், ஓட்டம் ஏதும் எடுக்காமல் கேல் வெளியேறினார். சென்னை 58 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. அஸ்வின் 16 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 3 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சென்னை மக்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதற்கு அந்த ஒரு மாலைப்பொழுதே போதுமானதாக இருந்தது.

பிரிவு: யார் குற்றம்?

"வளர்த்த அணியே கைவிட்டது" என்று பின்னாளில் பலர் பேசினர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூலையில், சூதாட்ட விவகாரத்தின் தொடர்பில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, சென்னை அணிக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. ஆட்டக்காரர்கள் சிதறினர். அஸ்வின் புனே அணிக்குச் சென்றார்.

2018இல் சென்னை அணி திரும்பி வந்தபோது தோனி, சுரேஷ் ரெய்னா, ஜடேஜா ஆகிய மூவரையும் தக்க வைத்துக்கொண்டது. இந்திய அணிக்கு ஆடியவர்களுள் மூவரை மட்டுமே இவ்வாறு வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. ஆகவே, அஸ்வின் ஏலத்திற்கு வந்தபோது, பிறர் கேட்ட விலைக்கே அவரைத் திரும்பப் பெறும் உரிமை சென்னைக்கு இல்லை. மற்றவர்களைப் போலவே ஏலம் கேட்க வேண்டியிருந்தது. பஞ்சாப் அணி 7.6 கோடி ரூபாய்க்கு அவரை வாங்கித் தன் அணித் தலைவராகவும் ஆக்கியது. பின்னர் அவர் தில்லிக்கும் 2022இல் இராஜஸ்தானுக்கும் ஆடினார்.

இங்கே நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சென்னை அணி இதுவரை ஐந்து முறை கோப்பை வென்றுள்ளது: 2010, 2011, 2018, 2021, 2023. இவற்றுள் முதல் இரண்டில்தான் அஸ்வின் இருந்தார். பின்னைய மூன்றும் அவர் இல்லாமல் பெற்ற வெற்றிகள். ஆகவே, அவர் இல்லாததால் அணி நலிந்தது என்று யாரும் வாதிட இயலாது.

ஜெடா ஏலம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 24, 25 ஆகிய நாட்களில் சவூதி அரேபியாவின் ஜெடா நகரில் பெரிய ஏலம் நடைபெற்றது. ஒவ்வோர் அணிக்கும் மொத்தச் செலவு வரம்பு 120 கோடி ரூபாய். சென்னை ஏற்கெனவே ஐவரைத் தக்க வைக்க 65 கோடி செலவழித்திருந்தது. எஞ்சிய 55 கோடியில் அஸ்வினுக்கு மட்டும் 9.75 கோடி கொடுத்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் ரிங்கிட். அதாவது, கையிலிருந்த பணத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேல், 38 வயதான ஒருவருக்குச் சென்றது.

அன்று கைவசம் இருந்த செய்திகள் யாவை? நிகழ்ந்து முடிந்த பிறகு குறை காண்பது எளிது. ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே எடைபோட வேண்டும்.

ஆதரவான சான்று வலுவாகவே இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2024 செப்டம்பரில், அதே சேப்பாக்கம் அரங்கில் வங்காளதேசத்திற்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் அஸ்வின் 113 ஓட்டங்கள் எடுத்ததோடு, இரண்டாம் இன்னிங்சில் 6 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். ஊரே மகிழ்ந்தது. ஆனால், அது ஐந்து நாள் ஆட்டம். இருபது ஓவர் ஆட்டத்தின் கணக்கு வேறு. 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் இராஜஸ்தானுக்காக 14 விக்கெட்டுகள் எடுத்தவர், 2024இல் 15 ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள்தாம் எடுத்தார். பொறுமையும் நுணுக்கமும் கொண்ட ஒருவர் ஐந்து நாள் ஆட்டத்தில் 38 வயதிலும் மின்னலாம். நான்கே ஓவர்களில், ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கு அனுப்ப நிற்கும் இளைஞர்களுக்கு எதிராக அதே மின்னலை எதிர்பார்ப்பது வேறு கதை. சென்னை அணி ஒரு தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து மற்றொரு தேர்வுக்கு ஆள் எடுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனினும், அன்பும் அதில் கலந்திருந்தது. அஸ்வின் தம்முடைய நூறாவது டெஸ்டுக்கு, 2024 மார்ச்சில் தர்மசாலாவுக்கு, தோனியை அழைத்திருந்தார். அவரால் வர இயலவில்லை. பின்னர்த் தம்மைச் சென்னை அணிக்குத் திரும்ப அழைத்ததையே தோனி அளித்த பரிசாகக் கருதுவதாகப் பொதுமேடையில் அஸ்வின் கூறினார். அந்தச் சொற்களில் இருந்த நெகிழ்ச்சியை நாம் மதிக்க வேண்டும். ஆயினும் பரிசு என்பதும் பணி என்பதும் வெவ்வேறு. 9.75 கோடி ரூபாய்ப் பரிசைப் பெற்றவர் அதை ஒவ்வோர் ஆட்டத்திலும் நியாயப்படுத்த வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகிறார்.

2025: ஒரு கசப்பான பருவம்

அப்பருவத்தில் அஸ்வினுக்கு 9 ஆட்டங்களே கிடைத்தன; 7 விக்கெட்டுகள் எடுத்தார். ஓவருக்கு 9 ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். பாதியில் அணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். அதே ஏலத்தில் 10 கோடிக்கு வாங்கப்பட்ட 20 வயது ஆப்கானிஸ்தான் இளைஞர் நூர் அகமது 24 விக்கெட்டுகளைக் குவித்தார்.

பழி முழுவதையும் அஸ்வின் மேல் போடுவது அறமன்று. அவ்வாண்டு அணியே தள்ளாடியது. 14 ஆட்டங்களில் 4 வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம்; சென்னை அணி கடைசி இடத்தில் முடிந்தது அதுவே முதன்முறை. சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டங்களில் ஐந்தில் தோல்வி. சுழற்பந்துக்குப் பெயர்பெற்ற அந்த ஆடுகளம் தங்களுக்குச் சாதகமாக இல்லை என்று பயிற்றுநர் ஸ்டீபன் பிளெமிங்கே வெளிப்படையாகக் கூறினார். ஒருவரை அவருடைய சொந்த ஊரின் மண்ணை நம்பி வாங்கியிருக்க, அந்த மண்ணே மாறிவிட்டிருந்தது.

2024 டிசம்பரிலேயே, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், அஸ்வின் அனைத்துலகக் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றிருந்தார். 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள். இந்தியர்களுள் அனில் கும்ப்ளேக்கு அடுத்த இடம். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் இந்தியன் பிரிமியர் லீக்கிலிருந்தும் ஓய்வை அறிவித்தார். 221 ஆட்டங்கள், 187 விக்கெட்டுகள். திரும்பி வந்த வாழ்வு ஒரே பருவத்தில் முடிந்தது.

அமெரிக்காவில் இரு கதைகள்

இச்சிக்கல் சென்னைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவரே அணியின் உயிர்நாடி. சொந்த அணியில் வளர்ந்த முதிய பந்தெறிபவரை மீண்டும் எடுப்பதா என்னும் விவாதம் அங்கே அடிக்கடி எழும்.

டாம் சீவர் என்பவர் நியூயார்க் மெட்ஸ் அணியின் செல்லப்பிள்ளை. 1969இல் அந்த அணி எதிர்பாராத வகையில் உலகத் தொடரை வென்றபோது முன்னின்றவர். 1977 ஜூனில் சம்பளப் பிணக்கால் அவரைச் சின்சினாட்டி அணிக்கு மாற்றினார்கள்; நகரமே கொதித்தது. 1983ஆம் ஆண்டுப் பருவத்திற்கு அவரைத் திரும்ப அழைத்தார்கள். அவ்வாண்டு அவர் 9 வெற்றி, 14 தோல்வி கண்டார். அடுத்த சனவரியில், பிற அணிகள் எடுத்துவிடாதபடி காக்க வேண்டிய ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டார்கள். வயதானவரை யார் எடுக்கப் போகிறார்கள் என்ற எண்ணம்! சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி எடுத்துக்கொண்டது. 1985 ஆகஸ்டு 4ஆம் நாள், அதே நியூயார்க் நகரில், ஆனால் மற்றோர் அணியின் அரங்கில், சிகாகோவின் சட்டையோடு அவர் தம் 300ஆவது வெற்றியைப் பெற்றார்.

மற்றொருவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாஜர்ஸ் அணியின் கிளேட்டன் கெர்ஷா. 2006இல் அந்த அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2008இலிருந்து 2025 வரை 18 பருவங்கள் அந்த ஓர் அணிக்கே ஆடினார். இளமையில் ஏழாண்டுகளுக்கு 21.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர் அவர். முதுமையில் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டார். 2025இல் அடிப்படைச் சம்பளம் 75 இலட்சம் டாலர். அதற்கு மேல் ஆடினால், ஆடிய அளவுக்கு ஊக்கத்தொகை. அந்த ஆண்டு 11 வெற்றி, 2 தோல்வி. உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை நீண்டது. அதன் இடையே, மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்ற நெருக்கடியில் அவரை இறக்கினார்கள். ஒரே ஒரு மட்டையாளரை வெளியேற்றினார். அவ்வளவே அவர் வேலை. டாஜர்ஸ் கோப்பையை வென்றது. அவரும் நிறைவோடு ஓய்வு பெற்றார்.

ஒரே வகை அன்பு இரு விதமான முடிவுகளைத் தந்திருக்கிறது. மெட்ஸ் அணி பழைய சீவரை எண்ணி அழைத்தது. கிடைத்தவரைக் காத்துக்கொள்ளத் தவறியது. டாஜர்ஸ் அணியோ அன்றைய கெர்ஷா எதற்குப் பயன்படுவார் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கே விலையும் வேலையும் வகுத்தது. சென்னை அணி விரும்பியிருந்தாலும் அவ்வாறு செய்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏலத்தில் அமைதியான பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. போட்டி அணி கையைத் தூக்கத் தூக்க, சொந்தப் பிள்ளையின் விலையும் ஏறிக்கொண்டே போகும்.

அந்த அரங்கில் பேசப்படாத பிள்ளைகள்

அஸ்வினை அழைத்தது சரியா, தவறா என்று வாதிடும் அனைவரும் மற்றொரு பெயரை மறந்துவிடுகிறார்கள். ஆர். சாய் கிஷோர். இவரும் சென்னைக்காரர்; இவரும் சுழற்பந்து வீச்சாளர்; அஸ்வினைவிடப் பத்து வயது இளையவர். 2020, 2021 ஆகிய இரண்டு பருவங்களில் சென்னை அணியில் இருந்தார். ஓர் ஆட்டம்கூட அவருக்குத் தரப்படவில்லை. 2022இல் குஜராத் அணி அவரை வாங்கியது. அவ்வாண்டே கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் அவர் 20 ஓட்டங்கள் கொடுத்து 2 விக்கெட்டுகள் எடுத்தார். சென்னை கடைசி இடத்தில் முடிந்த அதே 2025இல், அவர் குஜராத்துக்காக 19 விக்கெட்டுகள் எடுத்தார். அதே குஜராத் அணியில் மற்றொரு சென்னை இளைஞர் சாய் சுதர்சன் 759 ஓட்டங்கள் குவித்து, அப்பருவத்தின் அதிக ஓட்டங்களுக்கான சிறப்பைப் பெற்றார்.

சென்னை அணியினர்க்கும் ஒரு நியாயம் உண்டு. சாய் கிஷோரை வெளியே அமர்த்திய 2021இல் அவர்கள் கோப்பையை வென்றார்கள். தனியார் அணிக்கு வெற்றியே முதற்கடன். மாநில அணி வேறு, இது வேறு. ஆயினும், 'மண்ணின் மைந்தன்' என்ற அன்பு, 38 வயதில், 537 விக்கெட்டுகளுக்குப் பிறகு, உலகமே அறிந்த ஒருவர்மீது பொழியப்படும்போது அதில் துணிவு ஏதும் தேவைப்படுவதில்லை. அதே அன்பைப் பெயர் தெரியாத 23 வயது இளைஞன்மீது காட்டி, அவனிடம் பந்தைக் கொடுப்பதற்குத்தான் துணிவு வேண்டும். 2008இல் வெளியே அமர்ந்திருந்த அஸ்வினுக்கு 2010இல் அத்தகைய துணிவோடு பந்து கொடுக்கப்பட்டது. அதனால்தான் பின்னர் திரும்ப அழைப்பதற்கு ஓர் அஸ்வின் இருந்தார்.

இரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. நட்ட கன்று பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பழைய மரங்களில் பால் வற்றிய பிறகு மறுநடவைப் பற்றி யோசிக்கும் தோட்டம், இடையிலுள்ள ஆண்டுகளில் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

என் முடிவு

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'சுற்றந்தழால்' அமைந்துள்ளது. ஆற்றலறிந்து பணி கொடுப்பதும், நம்மவரை அணைத்துக்கொள்வதும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன, ஒன்றாகக் கலக்கப்படவில்லை. 'செய்ந்நன்றி அறிதல்' இவற்றிலிருந்து நெடுந்தொலைவில், அறத்துப்பாலில் உள்ளது. நன்றியை நாம் கட்டாயம் செலுத்த வேண்டும். ஆனால் அதைப் பதினொருவர் பட்டியலில் ஓர் இடமாகச் செலுத்த வேண்டியதில்லை.

அஸ்வினுக்குத் தாய்வீட்டின் கதவு ஏலத்திற்கு முன்பே திறந்திருந்தது. 2024 ஜூனில், முன்பு சென்னை அணியின் தாய் நிறுவனமாக இருந்த இந்தியா சிமெண்ட்ஸ் குழுமத்தில் அவர் மீண்டும் சேர்ந்தார். அணியின் உயர்திறன் பயிற்சி மையத்தை வழிநடத்தும் பொறுப்பு அவருக்கென வகுக்கப்பட்டது. என் கருத்தில், அதுவே அவருக்கு ஏற்ற திரும்புதல். பந்தைப் பற்றி அவரைப்போல் சிந்திக்கத் தெரிந்தவர் அரிது. பத்து இளைஞர்களுக்கு அந்தச் சிந்தனையைக் கற்பித்தால், அது 9.75 கோடிக்கு மேற்பட்ட செல்வம். ஆட்டக்காரராக அவரை வாங்கியே தீர வேண்டுமெனில், குறைந்த விலை வரை மட்டும் கேட்டு, அதற்கு மேல் போனால் வாழ்த்தி விட்டுவிட்டிருக்க வேண்டும். 2018இல் அவரை இழந்தது தவறன்று. 2024இல் அந்த விலைக்கு வாங்கியதே தவறு.

பெற்றோர்களே, ஆசிரியர் நண்பர்களே, இதை நம் பள்ளிக்கும் பொருத்திப் பாருங்கள். கதை சொல்லும் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் பெரும்பாலும் யாரை அனுப்புகிறோம்? சென்ற ஆண்டு பரிசு வாங்கி வந்த பிள்ளையையே. அவன் தெரிந்தவன், தோற்றாலும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்கள். பின் வரிசையில் அமர்ந்திருக்கும் நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு மேடை கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளை பிற்காலத்தில் வேறோர் இடத்தில் பெயர் வாங்கும்போது, "எங்கள் பள்ளி மாணவன்" என்று பதாகை கட்டி, பொன்னாடை போர்த்துவோம். பொன்னாடை தவறில்லை. ஆனால், அவன் நம்மிடம் இருந்த ஆண்டுகளில் எத்தனை முறை அவன் பெயரை அழைத்தோம் என்பதையும் அன்று யாராவது கேட்க வேண்டும்.

மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளைகளிடம் அஸ்வினின் 537 விக்கெட்டுகளைப் பற்றிச் சொல்லுங்கள். அதோடு, ஓர் ஆட்டமும் கிடைக்காமல் அவர் அமர்ந்திருந்த 2008ஆம் ஆண்டையும் சொல்லுங்கள். வெளியே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுதான் அதிகம் தேவைப்படும்.